மடிப்புகளில்

பீல் நகரத்து நவம்பர்.
ஏரியிலிருந்து ஏறிவந்த புகார்
மூன்றாம் மாடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு
போகமாட்டேன் என்கிறது.
காலை ஐந்தேகால்.
பம்பர்ஸின் ஒட்டுப்பட்டியைப் பிரிக்கிறேன்,
நேயா வீரிட்டுக் கத்துகிறாள்.

அந்தச் சிவப்புக்கு உவமை தேட
எனக்கு வாய் வரவில்லை.
தோல் உரிந்த சிவப்பு. அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு மாற்றினேன் என்று
சுகிர்தாவிடம் சொல்லலாம்.
பிறகு கண்ணயர்ந்து போனதையும்
சொல்லத்தான் வேண்டும்.
ஆறு மணி நேரம்
மூத்திரமும் மலமும் ஒன்று சேர்ந்து
அவள் தோலை மெல்லத் தின்றிருக்கிறது,
நான் குறட்டை விட்ட சோபாவிலிருந்து
நாலடி தள்ளி.

சுகிர்தாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
பதினெட்டுப் பேர்.
இரண்டு மணிக்கொரு தடவை புரட்டி,
துடைத்து, ஒற்றி உலர்த்தி,
மடிப்பு மடிப்பாய்ப் பார்த்து
நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.
ஒருவருக்குப் புண் வந்தாலும் விசாரணை.
அவள் கையில் இதுவரை
ஒருவருக்கும் வந்ததில்லை.

ஏழரைக்கு வந்தவள்
குளிர்க்கோட்டுடனேயே குனிந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

அன்று முழுக்க வீட்டைப் புரட்டினோம்.
அரை விலைக்கு நான் வாங்கி வந்த,
ஏதோ வெள்ளைப் பூ படம் போட்ட
வாசனைத் துடைப்புத்தாள் குப்பைக்குப் போனது.
நிலவறைச் சலவை மெஷினில்
எங்களுக்கு முந்தின முறைக்காரர்
என்ன தூள் போடுகிறார் என்று
அவள் போய் மோந்து பார்த்தாள்.
மூன்றாம் அளவு பம்பர்ஸில்
இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது.
பிள்ளை நாலாம் அளவுக்கு வளர்ந்துவிட்டது
எனக்குத் தெரியும்.
பெட்டி முடியட்டும் என்றிருந்தேன்.
தொடையில் ரப்பர் பட்டி
கோடு கிழித்து வைத்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமை தோடம்பழம், மூன்று சுளை.
அதுவும் நான்தான்.

பேர்னிலிருந்து ஜெயரூபன் போன் எடுத்து
நாவூறு என்றான், மிளகாய் சுற்றச் சொன்னான்.
பவுடர் போடு, காய்ந்துவிடும் என்றும் சொன்னான்.
மிளகாயை வேண்டுமானால் சுற்று,
பவுடர் மூச்சுக்குள் போகும், வேண்டாம்
என்றாள் சுகிர்தா.

தாய்சேய் நிலையத்து ஃபிராவ் எபிஷர்
கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
தொடை மடிப்பை விரித்துப் பார்த்தார்.
சிவப்பின் கரையைத் தாண்டி
தனித்தனியாய்ச் சின்னப் புள்ளிகள்.
"காதுவலிக்கு மருந்து கொடுத்தீர்களா?"

கொடுத்தோமாவா?
எட்டு மணிக்கொரு தடவை, பத்து நாள்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்,
அலாரம் வைத்து எழுந்து கொடுத்தேன்.
இந்த வீட்டில் நான் பிழையில்லாமல் செய்த
ஒரே காரியம் அது.

அந்த மருந்து
காதுக்குள் இருந்த கெட்டதைக் கொன்றபோது
குடலில் இருந்த நல்லதையும் கொன்றிருக்கிறது.
வயிறும் இளகியிருந்தது.
ஈரம் கதவைத் திறந்து வைத்திருக்க
பூஞ்சணம் வந்து
மடிப்பில் குடியேறிவிட்டது.
மருந்து கொடுத்தது சரிதான்,
கொடுத்திருக்கத்தான் வேண்டும், என்றார் எபிஷர்.
பிள்ளை வைத்தியரிடம் களிம்பு எழுதி வாங்குங்கள்.
வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். தேய்க்கக் கூடாது.
நாளுக்குக் கொஞ்ச நேரம்
ஒன்றும் கட்டாமல் விடுங்கள்.

வெளியே தண்டவாளத்தில் உறைபனி.
உள்ளே ஹீட்டரைக் கூட்டி வைத்து,
துவாயை விரித்து,
எங்கள் மகளை வெறுங்குண்டியோடு கிடத்தினோம்.
காலை உதைத்து உதைத்து
கூரையில் யாரோடோ பேசினாள்.

பக்கத்தில் நான் கோடு போட்ட தாள்:
நேரம், ஈரம், களிம்பு, கையெழுத்து.
நேற்றிரவு ஒன்று, மூன்று, ஐந்து,
எல்லாவற்றிலும் என் பெயர்.
சுகிர்தா அதைக் கையிலெடுத்து
மேற்பார்வையாளர் மாதிரி வாசித்துக்கொண்டிருக்கையில்
நேயா பெய்தாள்.
வில் மாதிரி வளைந்து போய்த்
துவாயைத் தாண்டித் தாளை நனைத்தது.
மையெல்லாம் ஓடிற்று.

சுகிர்தா சிரித்தாள்,
மூன்று நாளில் முதல் தடவை.
பிறகு, வேலைப் பழக்கத்தில்,
ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு
மடிப்பைப் பார்த்தாள்.