புள்ளி

கிளார்க் கீ நிலையத்தின் நகரும் படியில்
எனக்கு முன்னால் ஓர் அங்கிள்,
ரோஜா நிறக் கால்சட்டையில்.
இதற்கென்றே வாங்கியிருப்பார் போல.
விலைச்சீட்டின் நூல் இன்னும் இடுப்பில் தொங்கியது.
சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள்
படி முடிந்து வெயில் வந்துவிட்டது.

பூங்காவைச் சுற்றித் தடுப்புக் கம்பி.
ஐசியைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.
குடிமக்களின் அட்டையே இங்கே இளஞ்சிவப்புதான்.
பதினைந்து வயதில் அதை வாங்கியபோது
உடைக்குப் பொருத்தமாக ஒருநாள் அமையும் என்று
நினைத்திருப்பேனா.
காவலர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
படத்தில் எனக்கு இரட்டைச் சடை.
"ஓகே மேடம்."

யாழரசிக்கு எஸ் பாஸ்.
அவள் வர முடியாது.
மருத்துவமனையில் இரவு வேலை முடித்து
மூன்று மணிநேரம் தூங்கி எழுந்து
என் சட்டைக்கு இஸ்திரி போட்டதே அவள்தான்.
வரிசை முடியும்வரை கூட வந்தாள்.
"எதிர் புளோக்குல நிக்கிறேன், நாலாவது மாடி.
அப்பப்ப மேல பாரு" என்று
தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்கு மேலே நீட்டினாள்.
மன்னார்குடிக்காரி, குரலை வேலி தடுக்காது.

உள்ளே பாய்கள், ஐஸ் பெட்டிகள்,
ரிப்பன் கட்டிய நாய்கள்.
சக்கர நாற்காலியில் ஒருவருக்கு
முன்பின் தெரியாத நான்கு பேர் மாறி மாறிக் குடை பிடித்தார்கள்.
நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.
தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை,
என்னை யாராவது பார்த்துவிட்டால்?

பார்த்துவிட்டார்கள்.
"டீச்சர்!"
மூன்று பி வகுப்புக் கதிரொளியின் அம்மா.
கையில் அட்டை, தடித்த எழுத்தில்:
"இவன எங்கள வீட்டுப பிள்ளை".
பயத்துக்கு முன்னால் தொழில் வந்து நின்றது.
"மூணு புள்ளி விட்டுப்போச்சும்மா."
"ஐயோ, மகன் மாதிரியே நானும்!" என்று சிரித்தார்.
பக்கத்தில் நெட்டையாக அவர் தம்பி,
தம்பியின் தோளில் சாய்ந்தபடி வெய் ஜியே.
"தீபாவளிக்கு வகுப்புக்கு முறுக்குக் கொடுத்துவிட்டேனே,
வெய் ஜியே பிழிஞ்சது. நீங்ககூட ரெண்டு எடுத்தீங்களாம்."

எடுத்தேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது.

கைப்பையில் எப்போதும் மார்க்கர் இருக்கும்.
புல்லில் மண்டியிட்டு
மூன்று புள்ளிகளையும் வைத்தேன்.
நீங்கள் யாரோடு வந்தீர்கள் என்று
அந்த அம்மா கேட்கவில்லை.
நான்தான் மேலே கை காட்டினேன்.
அவர் அண்ணாந்து பார்த்து
அட்டையை நாலாவது மாடிக்குத் திருப்பிப் பிடித்தார்.

இருட்டியதும் எல்லாரும் விளக்கை உயர்த்தினோம்.
மேலிருந்து பார்த்தால் ஒரே புள்ளியாம்.
உள்ளிருந்து அப்படித் தெரியாது.
வியர்வை நாற்றம், யாரோ ஒருவரின் முழங்கை,
பின்னால் அடக்கமுடியாமல் விசும்பும் ஓர் ஆண் குரல்.
பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்கிறேன்,
மெய்க்குப் புள்ளி, உயிர் வந்து சேரும்வரைதான்.
அண்ணாந்தேன்.
துணி காயும் மூங்கில் கழிகளுக்கு நடுவே
சின்னதாக ஒரு வெளிச்சம்.

அங்கிளை அச்சுறுத்திய பிரிவைச்
சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.
வீட்டு விண்ணப்பத்தில் 'உறவு' என்ற கட்டத்தில்
எங்களுக்கான சொல்லை இன்னும் போடவில்லை.
தனியாளாக விண்ணப்பிக்க முப்பத்தைந்து ஆகவேண்டும்.
இன்னும் பதினாலு மாதம்.
அவள் பாஸ் முடிய பதினொன்று.
இந்தக் கணக்கை இன்று போடுவதில்லை என்று
காலையிலேயே பேசிவைத்திருந்தோம்.

கூட்டம் கலைந்து நான்காம் மாடி ஏறினேன்.
பிளாஸ்டிக் பையில் கோப்பி, ஐஸ் முழுக்கக் கரைந்து.
கைபேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டியபடியே நின்றாள்.
"எல்லாரும் போயாச்சு. அணை, பேட்டரி போயிரும்."

"இரு," என்றாள்.
"அங்க ஒருத்தர் இன்னும் செருப்பைத் தேடுறாரு."
எட்டிப் பார்த்தேன்.
ரோஜா நிறக் கால்சட்டை.