பன்னிரண்டு மில்லிமீட்டர்

சாட்ஸ்வொர்த்தில் ஜன்னல்களுக்குக் கம்பி அடிப்பவன் நான்.
கனம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள்,
பத்தா, பன்னிரண்டா.
பன்னிரண்டு என்றால் முகம் தெளியும்.
சுவர்மேல் மின்வேலி, முற்றத்தில் நாய்,
நாயைத் தாண்டினால் ஒரு கதவு,
கதவைத் தாண்டினால் நான் செய்த கதவு.
அதையும் தாண்டி வந்துவிட்டால்
ரொட்டியும் பீன்ஸ் கறியும் கிடைக்கும்.

மின்வெட்டு மும்முரமாயிருந்த மாதம்.
பாதி பற்றவைத்த கீலோடு
இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தால்
அன்றைய கூலி போச்சு.
கரண்ட் போகுமுன் சொல்லும் ஆப் இரண்டு கிடைத்தன.
ஒன்று முப்பது ராண்ட், வேறொன்றும் கேட்காது.
இன்னொன்று சும்மா. நாலே எம்பி. நாலரை நட்சத்திரம்.
சும்மா வந்ததுதான் வரிசையாய்க் கேட்டது:
எங்கே இருக்கிறாய்
(சரி, நியாயம்)
படங்களைப் பார்க்கட்டுமா
யார் யாரைத் தெரியும்.
கட்டைவிரலெல்லாம் வெல்டிங் காய்ப்பு,
இரண்டு தடவை அழுத்தினால்தான் திரை எடுக்கும்.
அழுத்தினேன்.

கூட வேலை செய்யும் சிபு எட்டிப் பார்த்தான்.
கரண்டுக்கு எதுக்கு பாஸ் உங்க நம்பரெல்லாம்?
என்கிட்ட என்னடா இருக்கு எடுக்க, என்றேன்.

ராத்திரி வேறு ஒரு நம்பர் தேடும்போது கண்ணில் பட்டன
என் கையால் நானே பதிந்து வைத்த பெயர்கள்:
படையாச்சி ஆன்ட்டி பின்கதவு பழைய பூட்டு.
மோகனாம்பாள் டீச்சர் வியாழன் தனியாக.
ரூபன் சாவி பூத்தொட்டிக்கு அடியில்.
படங்களிலோ
டேப் வைத்து அளந்த ஜன்னல்கள், நூற்று நாற்பது,
தெருப்பெயர் பலகையோடு சில.

கம்பிக்கு உள்ளே
தூங்கிக்கொண்டிருந்தார்கள் அத்தனை பேரும்.

ஒவ்வொன்றாய் அழித்தேன். ரூபன் வெறும் ரூபன் ஆனார்.
ஆப்பை அழிக்கவில்லை.
பத்து நிமிஷம் முன்னால் மணியடிக்கிறது,
ஒரு நாள்கூடத் தப்பியதில்லை,
முனிசிபாலிட்டியைவிட மேல்.

சனிக்கிழமை, பின்கதவை மாட்டி முடித்ததும்
படையாச்சி ஆன்ட்டி கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.
பன்னிரண்டுதானே?
பன்னிரண்டு.
அப்போதுதான் என் பையில் மணி அடித்தது.
அட, அது என்ன ஆப்பு, எனக்கும் போட்டுக் குடு.
காசு உண்டா?
இல்லை என்றேன்.
அவ்வளவுதான், வேறெதுவும் கேட்கவில்லை.
பூட்டுத் திறந்த போனை என் கையில் வைத்துவிட்டு
ரொட்டி சுட உள்ளே போனார்.

சிபு டிரில்லைத் துடைத்துக்கொண்டே
என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.