கைகாட்டி

சுவருக்குக் காது உண்டு.
யொகொத்தே நகராட்சிக் குடியிருப்பில்
மூன்றாம் மாடிச் சுவருக்கு
வாயும் உண்டு.

இரவு எட்டேகால்.
"எரிவாயுக் குழாய், மூடியாச்சு, சரி!"
ஆளில்லாத அடுக்களையில்
பக்கத்து வீட்டுக் குராமொச்சி அறிவிக்கிறார்.

முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டியவர்.
கைகாட்டியைக் கண்டால் விரல் நீட்டி
வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்.
கண் பார்த்ததைக் காதும் கேட்டால்தான்
மனசு ஒப்புக்கொள்ளுமாம்.
வேலையை விட்டுப் பதினாறு வருஷம்;
விரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

முதல் குளிர்காலம் எனக்கு எரிச்சல்.
புகார் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன்.
தபால்தலை வாங்கப் போகத்தான்
பனி வழிவிடவில்லை.

அப்புறம் காது பழகிவிட்டது.
பழகியதோடு நிற்கவும் இல்லை.
"கம்பளத்து ஓரம், மடங்கவில்லை, சரி!"
என்று அந்தப் பக்கம் கேட்டபோது
இந்தப் பக்கம் என் கம்பளம்
நாய்க்காது மாதிரி மடங்கிக் கிடந்தது.
நீவிவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

"வியாழக்கிழமை மாத்திரை, வயிற்றுக்குள், சரி!"
என் டப்பாவில் வியாழன் அப்படியே இருந்தது.
புதனும்.

புத்தாண்டுக்கு மோச்சி,
தொண்டையில் பிசினாய் ஒட்டும் அரிசிக் கட்டி.
"எட்டுத் துண்டு, எல்லாம் சின்னது, சரி!"
பள்ளிச் சமையலறையில்
முந்நூறு பிள்ளைகளுக்கு நறுக்கிப் போட்ட கை என்னுடையது;
தனக்கென்று வந்தபோது
முழுசாய் விழுங்கப் பார்த்தது.
நறுக்கினேன். பத்துத் துண்டு.
அவரைவிட இரண்டு கூட.

குளியல்தான் பெரிய அறிவிப்பு.
"உடைமாற்றும் அறை, ஹீட்டர் போட்டாச்சு, சரி!
தண்ணீர் நாற்பது டிகிரி, சரி!
உள்ளே போகிறேன்!"
பத்து நிமிஷத்தில்
"வெளியே வந்தாச்சு, சரி!"
உறைந்த அறையில் உடை களைந்து
கொதிக்கும் தொட்டியில் இறங்கி
எழாமலே போனவர்கள்
கீழ்மாடியில் ஒருவர், எதிர்க்கட்டிடத்தில் ஒருவர்.
அந்த இரண்டாவது குரல் வரும்வரை
தேநீர் என் வாயருகே நிற்கும்.
உள்ளே போகாது.

ஜனவரி இருபத்தொன்று.
சுவர் பேசவில்லை.
எரிவாயு இல்லை, கம்பளம் இல்லை.
தொட்டியில் தண்ணீர் விழுந்தது,
நின்றது.
பத்து நிமிஷம். பன்னிரண்டு.

வீட்டுச் செருப்பைத் தேடினேன்.
அது சறுக்கும் என்று அவர் பேச்சைக் கேட்டுப் போன மாசமே
குப்பையில் போட்டாயிற்று.
ரப்பர் பிடிப்பு வைத்த காலுறையோடு ஓடினேன்.
தொலைபேசி அடித்தாலும் ஓடக் கூடாது
என்பதும் அவர் சொன்னதுதான்.
கதவை இடித்தேன்.

திறந்தார்.
ஈரத் தலை, கழுத்தில் துண்டு.
தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.
ஜலதோஷம், குரல் கட்டிவிட்டது.
விரல் மட்டும் நீண்டு நீண்டு
ஹீட்டர், குழாய், அடுப்பு என்று சுற்றி வருகிறது;
உதடு அசைகிறது, சத்தமில்லை.
திட்டலாம் போல் இருந்தது.
திட்டினேன்.

பிறகு அடுக்களை வாசலில் நின்று
அவர் விரல் போன இடத்துக்கெல்லாம்
நான் கத்தினேன்.
"ஹீட்டர், அணைத்தாச்சு, சரீ!"
நீட்டக் கூடாதாம். வெட்டிச் சொல்ல வேண்டுமாம்.
கையை வெட்டிக் காட்டினார்.
மறுபடி சொன்னேன்.

இப்போது அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.
உள்ளே போகிறேன் என்றால்
சுவரில் ஒரு தட்டு தட்டுகிறேன்,
வெளியே வந்தால் இரண்டு.
என் முறை எட்டே முக்கால்;
அவர் தட்டு கொஞ்சம் பலம்,
மாட்டியிருக்கும் நாட்காட்டி ஆடுகிறது.

அந்தப் புகார் உறைக்கு
இன்னும் தபால்தலை வாங்கவில்லை.
பின்பக்கத்தில்
முட்டை, இஞ்சி,
நடைவழிக்கு ராத்திரி விளக்கு
என்று எழுதி வைத்திருக்கிறேன்.