மீதி

வால்பரைசோ. ஜூலை, எங்களுக்கு அது குளிர்காலம்.
தகர வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
கடலை எட்டிப் பார்க்கிற குன்று.
என் தோளில் பதினைந்து கிலோ சிலிண்டர்,
கையில் இரும்புக் கம்பி.
சிலிண்டரில் தட்டினால் ஜன்னல்கள் திறக்கும்,
நாய்கள் கூட்டமாய் என்னை வையும்.

அந்தத் திங்கட்கிழமை
படிக்கட்டின் பாதியில் ஒன்று மட்டும் வையவில்லை.
நனைந்த பழுப்பு. மடிந்த ஒற்றைக் காது.
முன்னங்காலில் கண்ணாடி கீறிய காயம்.
தூக்கி லாரியில் வைத்தேன்.
வைத்தபோது என் மனதில் ஒன்றுமில்லை;
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பின்னால் வருவதற்கு உதவும்.

செவ்வாய், மின்கம்பத்தில் ஒரு காகிதம்:
பெயர் போரோத்தோ.
(மொச்சைக்கொட்டை என்று அர்த்தம்.)
கொண்டுவருகிறவருக்கு நாற்பதாயிரம் பேசோ.
கைபேசி எண்ணின் கடைசி இலக்கம்
மழையில் கரைந்திருந்தது.
கரைந்த இலக்கம் எனக்கு ஒரு நாள் தந்தது.
புதன், காயம் ஆறட்டும் என்றேன்.
அது நொண்டவே இல்லை.
வியாழன், அதே கம்பம், புதுக் காகிதம்,
எண் தெளிவாக,
நாற்பதை அடித்துவிட்டு
அறுபது.

ஒரு சிலிண்டர் ஏற்றினால் எனக்கு ஆயிரம்.
அறுபது என்றால்
அறுபது தடவை இந்தக் குன்று.

கிடங்கில் பிராவ்லியோ சொன்னான்:
"விலை சொன்னதே அவள்தான். வாங்காதவன் மடையன்."
என் தங்கை இஸ்மேனியா சொன்னாள்:
"அடுத்தவர் பொருளை அடுத்தவரிடம் கொடுக்கக் கூலியா?
கடத்துகிறவன் கேட்பது அது."
இரண்டு பேரும் பேசியது
செவ்வாய்க்கிழமையே திருப்பிக் கொடுத்த ஒருவனைப் பற்றி.
நான் வெள்ளிக்கிழமைக்காரன்.

இன்னொன்றும் உண்டு.
மூன்று இரவாக அது என் பாதங்களின் மேல் படுத்திருந்தது.
அடுப்பு அணைந்த பிறகும் அறையில் ஒரு மூச்சு.
காசுக்காகக் காத்திருந்தேனா, அந்தச் சூட்டுக்காகவா?
எதைச் சொன்னாலும்
பாதிதான் உண்மை.

கதவைத் திறந்தவள் யாஸ்னா.
மீன்சந்தை ஏப்ரன், மணிக்கட்டில் ஒட்டிய செதில்.
போரோத்தோ அவள் காலிடுக்கில் புகுந்து
நேரே மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது,
எங்கள் இருவரையும் பார்க்காமல்.
அவள் அழவில்லை. உள்ளே போனாள்,
ஒரு டின்னோடு வந்தாள், எண்ணினாள்.
ஆயிரங்கள், ஐந்நூறு நாணயங்கள்,
எல்லாவற்றிலும் மீன் வாசம்.

"வேண்டாம்" என்றேன்.
அவள் முகம் சட்டென்று இறுகியது.
"என்னைப் பார்த்தால் இரக்கமாக இருக்கிறதா?
எழுதி ஒட்டியிருக்கிறேன். என் வாக்கு அது."
அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்று:
வாங்க மறுக்கிற கையும்
ஒருவரைக் கீழே தள்ளும்.

நாற்பதை எடுத்துக்கொண்டேன்.
இருபதை அவள் பக்கம் நகர்த்தினேன்.
"இது எதற்கு?"
"நான் பார்த்தது முதல் காகிதம்தான்" என்றேன்.

பொய்.
ஆனால் அதைக் கேட்டுத்தான் அவள் கண் கலங்கியது.
"நல்ல மனுஷன் நீங்கள், தோன் எலாடியோ."
நாற்பதாயிரத்தோடு
அந்தச் சொல்லும் என் பையில் விழுந்தது.
படி இறங்கும்போது எண்ணிப் பார்த்தேன்.
காசுக்கு மீதி கொடுத்துவிட்டேன்.
சொல்லுக்கு எப்படிக் கொடுப்பது?

பிராவ்லியோவுக்குத் தர வேண்டிய பழைய கடன் பதினைந்து.
லாரி டயருக்குப் பத்து.
மற்றது எங்கே போயிற்று, தெரியாது,
எல்லாக் காசும் போகிற இடத்துக்கு.

இப்போதும் வாரம் இருமுறை அந்தக் குன்று.
கம்பி தட்டியதும் தெருவே குரைக்கும்,
ஒரு வீடு தவிர.
"உங்களை மட்டும் விட்டுவிடுகிறதே!"
பக்கத்து ஜன்னல் அதிசயப்படும்.
"காப்பாற்றியவரை அதற்குத் தெரியும்"
என்பாள் யாஸ்னா, பெருமையாக.

அதற்குத் தெரியும்.
எத்தனை இரவு என்றும் தெரியும்.
மடிந்த காதோடு படிக்கட்டில் உட்கார்ந்து
என்னையே பார்க்கிறது, வாயைத் திறக்காமல்.
நான் சிலிண்டரில்
தேவைக்கு மேல் ஓங்கித் தட்டுகிறேன்.