அச்சில் விழுந்த கோடு

ஊர் என்பதே அந்த நகரத்தின் பெயர்.
நாங்கள் ஊருக்கு வெளியே,
வாய்க்கால் திரும்பும் இடத்தில்.
சூளைப் புகை மதிலைத் தாண்டக் கூடாதென்று
தள்ளிவைத்தார்கள்.
காற்று திரும்பும் நாளில் தாண்டத்தான் செய்கிறது.
நிலாக்கடவுளின் படிக்கோபுரத்துக்கும்
அன்று ஒரு இருமல்.

கோயிலுக்குள் இருப்பவர்கள் கருங்கல், பொன்.
எங்களிடம் பிறப்பவர்கள் ஒரு சாண்.
மடியில் கட்டிக்கொண்டு போகலாம்.
யாழ்க்காரன், குரங்காட்டி,
வயிற்றில் கல் உருளும் கிலுகிலுப்பைப் பன்றி,
வாசற்படிக்கு அடியில் புதைக்க நாய்கள்.
அதிகம் போகிறவள் அவள்தான்:
இரு கையாலும் மார்பைத் தாங்கி நிற்பவள்.
யாரென்று அவில்-அதாத் சொன்னதில்லை.
அவன் அச்சுக்கு உடையவன்.
நான் ருத்தும், அழுத்துகிறவள்.
வாங்குகிறவர்கள் வைப்பதே அவள் பெயர்.

விடியலில் குழியிறங்கி மிதிப்பேன்.
பதர் கலந்து, கல் பொறுக்கி,
அச்சில் சாம்பல் தூவி,
முதலில் முகம்; மூக்கு நிரம்பவில்லையென்றால்
மற்றது எதுவும் தேறாது.
பொழுது சாய எழுபது.

அறுவடை மாதம், கை வழுக்கி
அச்சு செங்கல்மேல் விழுந்தது.
உடையவில்லை. ஒரு மயிர்க்கோடு மட்டும்,
தோளிலிருந்து மார்புவரை.
"புது அச்சின் விலை தீரும்வரை
மாதம் மூன்று படி வாற்கோதுமை" என்று
ஈரப் பலகையில் குத்திக் காயவைத்தான்.
அதுவரைக்கும் இதிலேயே அழுத்து என்றான்.

அச்சில் பள்ளம், பதுமையில் மேடு.
அச்சில் இடம், பதுமையில் வலம்.
ஆறிய வெட்டுக்காயம்போல் புடைத்துக்கொண்டு
எழுபது பேரும் வெயிலில் கிடந்தார்கள்.

நெசவுத்தெருப் பெண் ஒருத்தி மலிவுக்கு வாங்கினாள்.
மூன்றாம் நாள் அவள் மகனுக்குக் காய்ச்சல் விட்டது.
(மூன்றாம் நாளில் விடுகிற காய்ச்சல்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை.)
அடுத்த சந்தையில் ஒரே கேள்வி:
"தழும்புக்காரி இருக்கிறாளா?"

அக்கரைச் சூளை என்லில்-இஸ்ஸு சும்மா இருப்பானா?
நாணல் குச்சியால் தன் பெண்களுக்கெல்லாம்
தோளில் ஒரு கீறல்; விலை ஒரு பிடி குறைவு.
கண் தெரியாத நராம்தும் ஒன்றை எடுத்து
பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.
"கீறினால் குழியும் அப்பா,
பட்டால்தான் புடைக்கும்."
கூடையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

புது அச்சு வந்தது. குறையே இல்லை.
ஏழு நாள் ஒருவரும் தொடவில்லை.
எட்டாம் இரவு விளக்கடியில்
அவில்-அதாத் ஊசியால் தானே கோடு கிழித்தான்,
பழைய பதுமையைப் பார்த்து, அதே பக்கம்.
சூளை திறந்தபோது
தழும்பு மறுதோளுக்குப் போயிருந்தது.
"இவள் தங்கையோ?" என்றார்கள்.
இருவரையும் சேர்த்தே வாங்கினார்கள்.

பழைய அச்சு ஒரு நண்பகலில்
என் கையிலேயே இரண்டானது.
இந்த முறை நான் போடவில்லை;
கோடு தன் வழியே நடந்து போய் முடிந்திருந்தது.
அவன் துண்டுகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
நான் என் படிகளைக் கேட்டேன்.
சிரித்தான்.
"கணக்கு காய்ந்துவிட்டது ருத்தும்."

காய்ந்தது உண்மை. வேகவில்லை.
வேகாத மண்ணுக்குத் தண்ணீர் என்ன செய்யும் என்று
தினமும் மிதிக்கிறவளுக்குத் தெரியாதா?

மறுநாள் குழியில் ஒரு பிடி மண் அதிகம்.
நாய்க்கு அச்சு தேவையில்லை.
இரண்டு காதைக் கிள்ளி, வாலை இழுத்து,
வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்.
அதை யாருக்கு விற்றேன், எத்தனை படிக்கு
என்று
எந்தப் பலகையிலும் இல்லை.