இடது காதுக்கு மூன்று புள்ளி

ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி
கால் வைக்க இடமில்லை.
சஜீரின் கடை ஏசியில் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டதை
வாசலிலேயே சொல்லிவிட்டேன்.
சத்தத்தை வைத்து நோயைச் சொல்கிற தொழில்.
காலா சில்லர் பிளான்ட்டில் எனக்குப்
பாம்புச் செவி என்று பேர்.

கண்ணாடிக்கு அடியில்
பிடுங்கிய பற்கள் மாதிரி இயர்போன்கள்.
"பாட்டுக்கா அண்ணா, கேமுக்கா?"
இரண்டுக்கும்.
கேமுக்குத்தான் முதலில்:
என்னை எப்போதும் இடது பக்கமிருந்தே சுடுகிறார்கள்.
சோஹாரிலிருந்து கிளிண்டன் கத்துவான்,
"காலடிச் சத்தம் கேக்கலியாடே?"
சலாலாவிலிருந்து தவசி சிரிப்பான்.
நெட் ஸ்லோ என்பேன்.
நெட் பாவம், எத்தனை பழியைத்தான் சுமக்கும்.

முதலாவது ஒன்பது ரியால். பேஸ்
நெஞ்சில் ஏறி மிதிக்கிறது,
பாடுகிறவள் பக்கத்து அறையில் இருக்கிறாள்.
இரண்டாவது பதினான்கு. காதில் நிற்கவில்லை,
பரோட்டா மென்றால் விழுந்துவிடும்
என்று சஜீரே ஒத்துக்கொண்டான்.
மூன்றாவது பதினெட்டரை.
"இதில் நம்ம இஷ்டத்துக்குச் சத்தத்தை வெட்டித் தைக்கலாம்.
முதலில் அது உங்களை அளவெடுக்கும்."

ஆப் திறந்தது.
கேட்டால் தொடு,
கேட்காவிட்டால் சும்மா இரு.

இந்தப் பரீட்சை எனக்குப் பழக்கம்.
வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி மெடிக்கல்.
கண்ணாடி வைத்த பெட்டிக்குள் நான்,
அந்தப் பக்கம் பட்டனை அமுக்கும் நர்ஸ்.
நான் அவர் தோளைப் பார்ப்பேன்.
தோள் அசைந்தால் கை தூக்குவேன்.
ஆறு வருஷமும் பாஸ்.
அடுத்தது மார்ச்சில்.

இங்கே பார்க்கத் தோள் இல்லை.

வலது காது: தொட்டேன், தொட்டேன், தொட்டேன்.
இடது காது: தொட்டேன், தொட்டேன்,
பிறகு விரல் அந்தரத்தில் நின்றது.
சஜீர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான்.
வெளியே யாரோ டாக்சியோடு பேரம்.
எனக்காக ஏதோ ஒன்று ஒலித்திருக்க வேண்டும்,
ஒலித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.
நான் தொடவில்லை.

இரண்டு கோடு வரைந்து காட்டியது.
வலது, சமதளம்.
இடது, பாதி வழியில்
வாதிக்குள் இறங்கிவிட்டது.
டாக்டரிடம் சொல்லாததை, வீட்டில் சொல்லாததை,
நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாததை
இன்னும் காசு கொடுக்காத ஒரு சாமானிடம்
சொல்லியிருக்கிறேன்.

"இடது பக்கம் மூன்று புள்ளி கூட்டியிருக்கு.
ஆளுக்கு ஆள் மாறும் அண்ணா, ஒன்றுமில்லை."
அந்த ஒன்றுமில்லையை மட்டும்
கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

பாட்டைப் போட்டேன். தினம் கேட்கிறதுதான்.
பல்லவி முடிகிற இடத்தில்
ணிங் என்று ஒரு ஜால்ரா.
இது எப்போது வந்தது?
மேனேஜரைச் சுற்றி ஜால்ராவுக்குப் பஞ்சமில்லை,
பாட்டில் இருந்ததைத்தான் தொலைத்திருக்கிறேன்.
மறுபடி போட்டேன். மறுபடி.
நான் கேட்காமலே
சஜீர் அரை ரியால் குறைத்தான்.

ஒரு மணி. மேல் கட்டில்.
கீழே இப்ராம்ஷாவின் குறட்டை.
நான் ஒரு பாழடைந்த கிடங்கில் துப்பாக்கியோடு நிற்கிறேன்.
இடது பக்கம், சரளைக்கல்மேல், ஒருவன் வருகிறான்.
அவன் பூட்ஸ் எவ்வளவு கவனமாக
ஒவ்வொரு கல்லாகப் பார்த்து மிதிக்கிறது!
இத்தனை நாளும் இப்படித்தான் வந்தானா.
"சுடுடே!" கிளிண்டன்.
இன்னும் இரண்டு எட்டு,
இன்னும் ஒன்று என்று
கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சுட்டுவிட்டான்.