இரண்டு புள்ளி

மின்விசிறி மூன்றில் சுற்றினால் தாள்கள் பறக்கும்
ஒன்றில் சுற்றினால் நாங்கள் உருகுவோம்.
கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்.
கிரேக்க உரோம நாகரிகம், பகுதி இரண்டு.
ஐந்தாம் மேசையில் என் முன்னால்
கட்டு பதினேழு.

பாரசீக மன்னன் படை நடத்தி வருகிறான்
சுட்டெண் சுட்டெண்ணாக.
ஒருத்தி அவனுக்குப் பத்து லட்சம் பேரைக் கொடுத்திருக்கிறாள்
அடுத்தவன் ஐம்பது லட்சம்.
திட்டத்தில் "பெரும்படை" என்றிருந்தால் போதும், ஒரு புள்ளி.
பாலத்தை உடைத்த கடலுக்கு
முந்நூறு சவுக்கடி: ஒரு புள்ளி.
"கடலுக்கு நொந்ததா என்று மூலாதாரங்களில் இல்லை"
என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.
சிரித்தேன். அதற்குப் புள்ளி இல்லை.
மரதன் கேள்விக்கு ஒருவன்
தன் இல்லத்துக்கு மூன்றாமிடம் எடுத்துக்கொடுத்த கதையை
ஒன்றரைப் பக்கம் ஓடியிருக்கிறான்,
வழியில் குளுக்கோசு தந்த ரீச்சர் உட்பட.

பிளேன்டீ வந்தது. ரோல்ஸ் முடிந்துவிட்டதாம்.

தேர்மோபிலே.
ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல்
நடுவே ஒரு வண்டி போகிற அகலம்.
"ஆனையிறவு மாதிரி" என்று எழுதிவிட்டு
ஒரே கோட்டால் வெட்டியிருந்தது
046 என்று முடிகிற சுட்டெண்.
நல்ல கையெழுத்து, சாய்வில்லாதது.
சாகப் போகிறவர்கள் முதல்நாள்
தலைவாரிக்கொண்டிருந்ததை எழுதியிருந்தது.
முந்நூறு என்று எண்ணும்போது
அடிமைகளை எண்ணுவதில்லை என்றும் எழுதியிருந்தது.
வெட்டியதை வாசிக்கக் கூடாதென்பது விதி.
வாசித்தேன்.

அடுத்த உபபிரிவு:
மலைப்பாதையை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயர் யாது?
இரண்டு புள்ளி.
மற்றப் பிள்ளைகள் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.
எழுத்துப் பிழை இருந்தாலும் ஏற்கலாம் என்கிறது திட்டம்.
046 எழுதியிருந்தது:
"பெயர் தெரியும். எழுத விருப்பமில்லை."

எங்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன்
ஒருநாள் விடிய மின்கம்பத்தில் இருந்தான்.
முதல்நாள் பின்னேரம் என் பின் சில்லுக்குக் காற்றடித்து
காசை நாளைக்குத் தாங்கோ என்றவன்.
கழுத்தில் பலகை. பலகையில் பெயர்,
முதலெழுத்தோடு, பிழையில்லாமல்.
எனக்குப் பள்ளிக்கு நேரம் போய்விட்டது.
மிதித்தேன். சில்லில் காற்று நன்றாக இருந்தது.
ஆறு மாதத்தில் ஊர் வேறொரு பெயர் சொன்னது.
பிறகு அதுவுமில்லை என்றது.
அந்த ஐம்பது சதத்தை
நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

அந்த மலைப்பாதைக்கும்
வேறு இருவர் பெயரைச் சொன்னார்களாம் அந்தக் காலத்தில்.
பழைய ஏட்டில் இருக்கிறது.
திட்டத்தில் இல்லை.

இரண்டு போட்டேன். சிவப்பில், வட்டமிட்டு.

மூன்றரைக்குக் குணநாயகம் சேர்
மாதிரிக்கென்று உருவிய பத்துத் தாளில் அதுவும் ஒன்று.
பச்சைப் பேனையின் மூடியைக் கழற்றி
கனநேரம் வைத்திருந்தார்.
பண்டத்தரிப்பு ஆள். அங்கும் ஒரு சந்தி இருந்திருக்கும்.
"விடை இல்லையே, மிஸ்."
"இல்லை, சேர்."
"அப்ப?"
யாரோ மின்விசிறியை ஒன்றுக்கு இறக்கினார்கள்.
இரண்டை வெட்டிப் பூச்சியம் போட்டார்,
கோபமில்லாமல்,
குழந்தை நித்திரை கொள்ளும் அறையின் கதவைச் சாத்துவதுபோல.
"புள்ளி மாறினால் நீங்களும் பக்கத்தில வைக்கவேணும்.
முழுப்பெயர்."

பிள்ளைக்கு இலக்கம் மட்டும்தான்.
மன்னனை மன்னன் என்றே எழுதியிருந்தது.
பாதை காட்டினவனுக்கு ஒன்றுமில்லை.
சேருடையது ஒரு பச்சைச் சுழிப்பு,
யாராலும் வாசிக்க ஏலாது.
அந்தப் பக்கம் முழுவதிலும்
தெளிவாக இருக்கும் ஒரே பெயர்
ப. தவரூபி,
முதலெழுத்தோடு.